அட்டை ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, சாமான் வாங்க ஊழியர் பெயரிலேயே வங்கி அட்டை கொடுக்கின்றன. சொந்தச் செலவு கூடாது, கைமாற்றக் கூடாது, பில் வேண்டும், வரம்புக்குள் அடக்க ஒரே கொள்முதலைப் பிரிக்கக் கூடாது என்பவை விதிகள்.

வீண் கெடுபிடி என்று நாம் நினைக்கலாம். யேல் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில், அட்டையின்றியே, 10,000 டாலருக்குக் கீழ் வாங்கும் அதிகாரம் பெற்ற ஊழியர் ஒருவர், கம்ப்யூட்டர்களைச் சிறு ஆர்டர்களாகப் பிரித்து வாங்கி வெளியே விற்றார். போனது சுமார் 4 கோடி டாலர். 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நாமோ கணக்குப்பிள்ளையிடம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்து, பேரேட்டையும் அவரிடமே விடுகிறோம். நம்பிக்கை வேண்டியதுதான். ஆனால் வாங்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றிருந்தால் நம் முதலுக்கும் காவல். நேர்மையான ஊழியருக்கும் பழி வராது.