கடைச் சாவி நம் இடுப்பில். கம்ப்யூட்டர் சாவி யார் கையில்?



காலையில் ஷட்டரைத் தூக்குகிறோம். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கல்லாவில் உட்காருகிறோம். முதல் வாடிக்கையாளர் சீட்டை நீட்டுகிறார். கம்ப்யூட்டரைப் போட்டால், நேற்று இரவு வரை ஒழுங்காக இருந்த இயந்திரம் நம்மையே பார்த்து "நீ யார்?" என்று கேட்கிறது. பின் நம்பர் செல்லாது என்கிறது. அல்லது நீலத் திரையில், நாம் பிறந்ததிலிருந்து கேள்விப்படாத ஒரு நீண்ட எண்ணைக் கேட்கிறது. கடை நம்முடையது, சரக்கு நம்முடையது, கணக்கும் நம்முடையது. ஆனால் உள்ளே போக வழியில்லை.

இது நமக்கே நடந்தது. நமது கடையில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியபோது எல்லாம் அமைத்துக் கொடுத்தவர் அன்று நம்மிடம் கணக்கு எழுதிய ஒரு தம்பி. "ஒரு இமெயில் வேண்டும் அண்ணாச்சி" என்றார். "உன்னுடையதையே போடுப்பா" என்றோம். பின்னர் அவருக்கும் நமக்கும் சம்பள விஷயத்தில் மனக்கசப்பு, கடைசி மாதச் சம்பளத்தில் பாதியை நிறுத்திவிட்டோம், அவரும் போய்விட்டார். ஒரு புதன்கிழமை காலை, இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்ட கம்ப்யூட்டர் மீட்புச் சாவி கேட்டது. அந்தச் சாவி இருந்த இடம் அந்தத் தம்பியின் இமெயில் கணக்கு. வேறு வழியின்றி அவருக்கே போன் செய்தோம். மதியம் வந்தார், தன் போனைப் பார்த்து எண்ணைச் சொன்னார், ஒரு டீ மட்டும் குடித்தார். நிறுத்தி வைத்த சம்பளத்தை அன்றே கொடுத்தோம். கொடுக்கும்போது தலை நிமிர முடியவில்லை. குறை கம்ப்யூட்டர் மீதும் இல்லை, அந்தத் தம்பி மீதும் இல்லை. கடைப் பூட்டின் சாவியை வேறொருவர் பெயரில் வைத்த நம் மீதுதான்.

அவர் வராமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

முதலில், ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதாந்திரப் புதுப்பிப்பை வெளியிடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு இரவு. இரண்டாவது செவ்வாய் என்பது 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்.1 தாக்கல் செய்வோருக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி. ஆக, நாம் கணக்கை அனுப்ப வேண்டிய அதே நாட்களில்தான் புதுப்பிப்பும் வந்து கதவைத் தட்டுகிறது. 11-ஐத் தவறவிட்டால் 14-ஆம் தேதி நம்மிடம் வாங்கியவருக்கு உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்.2பி பட்டியலில் நமது பில்கள் ஏறாது. அவருடைய உள்ளீட்டு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். மொத்த வியாபாரிக்கு இது வாடிக்கையாளரையே இழக்கும் விஷயம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், நம்மில் பலர் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறோம். மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு அமைக்கும் புதிய கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க் முழுவதும் பூட்டப்படுவது இப்போது பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. திருடன் எடுத்துப் போனாலும் கணக்கைப் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை நம்மிடமே கேட்கும். 2024 ஜூலை மாதப் புதுப்பிப்புக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் காரணமின்றி இந்தச் சாவியைக் கேட்டதை மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதப் புதுப்பிப்பில் சரிசெய்தது. சாவி இல்லாதவருக்கு அந்த நிறுவனமும் சாவி செய்து தர முடியாது.

சரி, திரை நின்றுவிட்டது. என்ன செய்வது? பதற்றப்படாமல் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யலாம்.

ஒன்று: புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைக்கவே கூடாது. முடிந்த பிறகும் திரை சரியில்லை என்றால் முறைப்படி ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

இரண்டு: பாஸ்வேர்டு தவறு என்றால் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா, நம் லாக் அணைந்திருக்கிறதா? திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறி தெரியும். தமிழில் சரக்குப் பெயர் அடிப்பவர்கள் தமிழ் கீபோர்டு சேர்த்திருப்பார்கள். அது தமிழில் நின்றால் ஆங்கிலப் பாஸ்வேர்டு எப்படிச் சேரும்? விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால் அடித்த எழுத்துகள் தெரியும். பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்யுங்கள்.

மூன்று: பின் நம்பர் வேறு, பாஸ்வேர்டு வேறு. பின் நம்பர் அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும் உரியது. புதுப்பிப்புக்குப் பின் அது வேலை செய்யாமல் போகலாம். அதன் கீழே 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்றிருக்கும். அதில் சாவிப் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், பிறகு புதிய பின் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை போன் மூலம் மாற்றியிருந்தால், இந்தக் கம்ப்யூட்டருக்கு இணையத் தொடர்பு கிடைத்தால்தான் புதியதை ஏற்கும்.

நான்கு: உள்ளே போனபின் திரை காலியாக, ஃபைல்கள் எதுவும் இல்லாமல் தெரிந்தால் கணக்கு அழிந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைக்க வேண்டாம். அது தற்காலிக அறை போன்றது. அங்கே எதையும் சேமிக்காதீர்கள். வெளியே வந்தால் போய்விடும். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஐந்து: நீலத் திரை 48 இலக்கம் கேட்டால், கம்ப்யூட்டரை அமைத்த மைக்ரோசாப்ட் கணக்கில் போன் மூலம் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். திரையில் தெரியும் அடையாளக் குறியும் அங்குள்ள குறியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறு: அப்படியும் நடக்காவிட்டால், ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் செய்தால் பழுதுநீக்கும் திரை வரும். அதில் கடைசிப் புதுப்பிப்பை மட்டும் நீக்க வழி உண்டு. பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் வழக்கமாக 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதே திரையில் 'ரீசெட் திஸ் பிசி' என்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு வார்த்தை. பழுது பார்க்க வருபவர் எடுத்த எடுப்பில் "ஃபார்மேட் அடித்துவிடலாம்" என்றால், "கணக்கை முதலில் வெளியே எடுத்துக் கொடு, பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். அதேபோல் இணையத்தில் தேடி, கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் போன் செய்வதும் ஆபத்து. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைத் திரையில் போன் நம்பர் இருக்காது. அப்படி ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நம் வணிகர்களில் சிலர், "இந்தத் தொல்லையே வேண்டாம், புதுப்பிப்பையே நிறுத்திவிட்டோம்" என்கிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் புதுப்பிப்பு அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சில் வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். எனவே நிறுத்துவது சரியல்ல, நேரம் பார்த்துப் போடுவதே சரி. விண்டோஸில் 'பாஸ் அப்டேட்ஸ்' மூலம் ஒத்திவைக்கும் வசதி உண்டு. 11-ஆம் தேதி வேலை முடியும் வரை தள்ளி வைத்து, கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கடை மூடும் நாளில் நாமே போட்டுக்கொண்டால் அதிர்ச்சி இல்லை.

இன்னும் சிலர், "பழைய பேரேடே மேல்" என்கிறார்கள். பாதி உண்மை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விமான நிறுவனமே பேனா எடுத்தபோது நமக்கென்ன வெட்கம்? தனி வரிசை எண் அச்சிட்ட ஒரு பில் புத்தகம் கல்லா டிராயரில் எப்போதும் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகள் வைத்துக்கொள்ள ஜி.எஸ்.டி. விதிகளில் இடம் உண்டு. இ-இன்வாய்ஸ் கட்டாயமாக உள்ள பெரிய வியாபாரிகள் மட்டும், பதிவு பெற்ற வணிகருக்குக் கைப் பில்லோடு நிற்க முடியாது.

மேலும், நமது கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டால் ஜி.எஸ்.டி. தளம் பூட்டிக்கொண்டதாக அர்த்தமில்லை. பக்கத்துக் கடையிலிருந்தும், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தும் நுழையலாம். ஆனால் கையில் கணக்கின் நகல் வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைப்போர் முறையான நகலும் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளே சொல்கின்றன. தினமும் கல்லா எண்ணி முடித்ததும் ஒரு நகல் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இயந்திரத்திலேயே செருகி விட்டுப் போகும் நகல், கடைக்குள்ளேயே தொங்கவிட்ட மாற்றுச் சாவிக்குச் சமம்.

நமது சங்கத்துக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்பது நமது கருத்து. எடைக்கல் முத்திரைக்கும் உரிமம் புதுப்பிப்பதற்கும் முகாம் போடுகிற நாம், இதற்கும் ஒரு நாள் முகாம் போட வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரின் கம்ப்யூட்டரும் அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். சங்க அலுவலகம்கூட அதன் நகலை வைத்துக்கொள்ளக் கூடாது. நம்பகமான மெக்கானிக்குகளின் பட்டியலையும் தயாரிக்க வேண்டும். நம்மிடம் வேலை செய்து விலகும் பிள்ளைகளிடம் பாக்கியைத் தீர்த்து, சாவிகளைக் கேட்டு வாங்கி, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும் பழக்கமும் வேண்டும். அதைச் செய்யாததன் விலையை நாம் ஒரு புதன்கிழமை மதியம் வரை கொடுத்தோம்.

இன்று இரவு கடை மூடும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த 48 இலக்கத்தைத் தாளில் எடுத்து, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் பத்திரத்தோடு வையுங்கள். அதுவும் பத்திரம்தான்.