ஒரே தராசில் எல்லாத் துறைகளுமா?



தேசியத் தரவரிசை வெளியானதும் பல்கலைக்கழக வாசலில் பேனர் கட்டிவிடுகிறார்கள். அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. இந்தத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். மதிப்பீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பிரிவின் பங்கு 30 சதவீதம். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களிலிருந்து எண்ணுகிறார்கள்.

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரே இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்! தமிழ்த் துறையிலோ, ஒருவர் நாலைந்து சுவடிகளை ஒப்பிட்டு, செல்லரித்த வரிகளோடு மல்லுக்கட்டி, பாடபேதங்களைக் குறித்துவைத்து, பல வருடம் கழித்து ஒரு பதிப்பைக் கொண்டுவருவார். அந்த நூல் இந்தத் தரவுத்தளங்களின் கண்ணில் படுவதே அபூர்வம்.

துறைக்கேற்ற அளவுகோல் முடியாத காரியமா? உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை வெளியிடும் கியூ.எஸ். நிறுவனம் 2015லேயே மேற்கோள் கணக்கை ஐந்து துறைப்பிரிவுகளுக்கிடையே சமன்செய்யத் தொடங்கிவிட்டதே. நம் கல்வி அமைச்சகம் எதற்காகக் காத்திருக்கிறது?

– ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்