வீட்டுக்கலை: சன்னலோரத்து வெயில்

தலைநகர் தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் ஊருக்கு அனுப்பும் புகைப்படங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. அனைவரும் வரிசையாக நிற்பர், பின்னே சுவர், மேலே குழல்விளக்கு. முகங்களை அடையாளம் காணலாம். எந்த ஊர், எந்தப் பருவம், எந்த வேளை என்பதை மட்டும் எவராலும் சொல்ல இயலாது. பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த வீடு ரயில் நிலையத்துத் தங்கும் அறைபோலத் தோன்றுகிறது. என்றேனும் ஊர் திரும்பிவிடுவோம் என்று எண்ணியே இங்கு நாட்களைக் கழிக்கும் நம் மனப்பாங்கும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

புதிய காமிரா வாங்குவதால் இக்குறை தீராது. வீட்டினுள் வரும் வெயிலைச் சில நாட்கள் உற்று நோக்கினால் தீரக்கூடும்.

தில்லி வெயில் வேறு, சென்னை வெயில் வேறு. சென்னையில் ஏப்ரல் இறுதியில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்பதால், செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழலே இராது. கடக ரேகைக்கு வடக்கே அமைந்த தில்லியில் அத்தகைய நாள் ஆண்டு முழுவதிலும் ஒன்றேனும் இல்லை. டிசம்பர் 22-ஐ ஒட்டிச் சென்னையில் நண்பகற் கதிரவன் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்க, இங்கு 38 பாகை அளவே ஏறுகிறது. ஆதலின், தெற்கு நோக்கிய சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருப்பின், மார்கழி நண்பகலில் வெயில் 9 அடி வரை உள்ளே வந்து விழும். ஜூன் மாதத்தில் அதே சன்னல் வழியே ஓரடி வருவதும் அரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, விளக்குகளை அணைத்து, அவ்வறையில் அரைமணி நேரம் சும்மா அமர்ந்திருங்கள். (இல்லத்தரசியார் இதற்கு இசைவாரா என்பதை நான் அறியேன்.) தரையில் விழும் வெயில் சற்று நேரத்தில் இடம் பெயர்வது கண்ணுக்குப் புலப்படும். அது தரையில் பட்டுத் திரும்பி, அருகில் அரிசியில் கல் பொறுக்கும் பாட்டியின் முகத்தைக் கீழிருந்து ஒளிரச் செய்யும். மூடுபனி நாளில் நிழல்களின் விளிம்பு கரைந்து, அறையெங்கும் ஒரே சீரான வெளிச்சம் பரவும். இவற்றைக் கண்டபின் படம் எடுப்பது எளிது. பாட்டியை நேர்வெயிலில் அமர்த்தாமல் அதன் ஓரத்தில் அமர்த்துங்கள். மறுபக்கக் கன்னம் மிக இருண்டால், வெளுத்த வேட்டி ஒன்றை அப்பக்கம் விரித்துப் பிடித்தாற் போதும். ஃபிளாஷ் வேண்டா. நூறு படங்கள் எடுப்பதும் வேண்டா.

வேட்டி என்றதும் நகைக்க வேண்டா. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ திரைப்படம் 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டப்பட்டது. நாற்புறமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் வானத்து வெளிச்சம் மேலிருந்து மட்டுமே மெல்ல இறங்கும். ஸ்டூடியோ விளக்குகளோ கூரிய நிழல்களை வீழ்த்துவன. அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளி அதில் பட்டுத் திரும்புமாறு செய்தார். மெய்யான முற்றங்களில் வெளிச்சம் இறங்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்திராத ஒருவருக்கு இந்த உபாயம் தோன்றியிருக்குமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியோர் பலர் குளிருக்கு அஞ்சிப் பொங்கலுக்கு முன்பே வண்டி ஏறிவிடுவர். மார்கழியில் உட்சுவரை நோக்கி நீளும் வெயிலும் மாசிக்குள் சன்னலருகே பின்வாங்கிவிடும். இரண்டும் ஒருங்கே வாய்க்கும் ஞாயிறுகள் ஆண்டுக்கு நாலைந்துதாம்.