பட்டாசலில் யாருக்கு இடம்?

"ஹாலை மாற்றி அமைக்கலாமா?" என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தால் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும்? சோபாவை எந்தக் கடையில் வாங்கலாம் என்பதுதான்! பிறகு ஷோகேஸ், டீப்பாய், திரைச்சீலை, சுவருக்கு இரண்டு கலர் பெயிண்ட் என்று பட்டியல் நீளும். அந்த அறையில் நாளெல்லாம் இருப்பது யார், அங்கே அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி மட்டும் கடைசிவரை வராது. உண்மையில் முதலில் வர வேண்டிய கேள்வி அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள சிவகாசிப் பக்கத்து ஊர்களைப் பார்த்தால் போதும். விருதுநகர் மாவட்டத்தில் புதுப்பட்டிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி, சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. முன்னெழுத்தைச் சொல்லாவிட்டால் விருந்தாளி ஊர் மாறிப் போய்விடுவார்! எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பிழைப்பு என்றால் பெரும்பாலும் பட்டாசுதான். வீட்டின் முன்னறைக்கு 'ஹால்' என்ற பெயர் வந்துவிட்டாலும், தென்மாவட்டங்களில் பெரியவர்கள் வாயில் அது இன்னும் 'பட்டாசல்'தான். பட்டகசாலை என்ற பழைய சொல் தேய்ந்து அப்படி ஆனது. பட்டாசுக்கும் அதற்கும் சொல்லளவில் சம்பந்தம் கிடையாது. ஆனால் பிழைப்பளவில் நிறைய உண்டு.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து இந்தப் பகுதியின் பட்டாசல் வெறும் உட்காரும் இடமாக இருக்கவில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினார்கள் என்பதும் மறக்கக் கூடாத வரலாறு. காகிதக் குழாய் உருட்டுவது, அச்சகத்து வேலையில் தாள் மடிப்பது என்று கைவேலைகள் பல அதே தரையில் நடந்திருக்கின்றன. பகலில் பட்டறை, சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் இடம், இரவில் படுக்கையறை. ஒரே அறை!

இந்த அறையின் திசையை மாற்றியது தொலைக்காட்சி. 2006ல் தி.மு.க. ஆட்சி தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2011 வரை நடந்தது. அதற்கு முன்னால் வாசலைப் பார்த்தும் ஒருவரையொருவர் பார்த்தும் உட்கார்ந்த வீட்டார், பிறகு ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். டிவிக்கு ஒரு ஸ்டாண்ட், பிறகு ஷோகேஸ், ஷோகேஸ் வந்த பிறகு அதற்கு எதிரே சோபா!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு, நடுவில் ஒரு டீப்பாய் போட்டால் ஏறக்குறைய 40 சதுர அடி போய்விடும். மூன்றில் ஒரு பங்கு! மிச்சத்தில் டிவியும் பீரோவும் நடக்கிற வழியும். அப்படியானால் தரையில் உட்கார்ந்து வேலை செய்த அம்மா எங்கே போவார்? வாசல் வெயிலுக்கு, இல்லையென்றால் அடுப்படி ஓரத்துக்கு. வருடத்தில் நாலைந்து நாள் வரும் விருந்தாளிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம். வருடம் முழுக்க உழைப்பவருக்கு மூலை. இதற்குப் பெயர் அழகுபடுத்துவதா?

"நாலு பேர் வந்தால் உட்கார வைக்க வேண்டாமா? பெண் பார்க்க வந்தால் பாயிலா உட்கார வைப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தலைமுறையாகப் பிறர் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களுக்கு, சொந்த வீட்டில் ஒரு சோபா என்பது மரியாதை. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த மரியாதையில் வீட்டுப் பெண்ணுக்கும் பங்கு வேண்டும் அல்லவா?

1926ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று யோசித்து அமைத்த அறை அது. அவர் அதைப் பார்வைக்கான அறையாக எண்ணாமல் வேலை நடக்கும் இடமாகவே எண்ணினார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி! சமையலறைக்குக் கிடைத்த அந்த யோசனை பட்டாசலுக்கும் கிடைத்தால் என்ன?

அறையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று இந்தப் பகுதி மக்களுக்கு வெளியூர்க்காரர் பாடம் எடுக்கவே வேண்டாம். பட்டாசு ஆலையில் மருந்து வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. இந்த விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிப் பக்கத்து ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோர் பெண்கள். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு பொருள், வெளியேற எது வழி என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

எனவே பட்டாசலை மாற்றும்போது வாங்குவதற்கு முன்னால் அகற்றுவதில் தொடங்க வேண்டும். முதல் வேலை, மருந்தோ திரியோ அரைகுறைப் பட்டாசோ வீட்டுக்குள் நுழையவே கூடாது. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே பட்டாசு தயாரிப்பது சட்டப்படி குற்றம். வீடுகளில் இப்படி வெடித்து உயிர்கள் போன செய்தி இந்த மாவட்டத்தில் பலமுறை வந்திருக்கிறது. நாலு காசு கூடக் கிடைக்கிறது என்று ஆலையின் ஆபத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாமா?

இரண்டாவது, வாசலுக்குப் போகும் வழியில் பீரோ, சைக்கிள், மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது, மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் வெளிச்சம் விழும் தரை வேலை செய்பவருக்கும் படிக்கும் பிள்ளைக்கும்தான். உட்கார இடம் வேண்டுமா? சுவரோடு சேர்த்துச் செங்கல்லில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டிவிடலாம். லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய வீடுகளில் இப்படிச் சுவரோடு சேர்ந்த இருக்கைகள் உண்டு. மேலே பாய் விரித்தால் விருந்தாளிக்கு இருக்கை, இரவில் படுக்கை, அடியில் மாடம் விட்டால் புத்தகம் வைக்க இடம். பொய்க்கூரை போடும் காசில் ஒரு பகுதிக்கு மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சூடு குறையும்.

தீபாவளி போனஸ் வந்ததும் வீடு மாற்றும் யோசனையும் கூடவே வரும். நல்ல யோசனைதான். அந்தப் பணத்தைச் சம்பாதித்தவரிடம் "உனக்கு எங்கே உட்கார வசதி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமே!