ஆறு வாரத்தில் முகம் மாறுமா?

நம் வீட்டுப் பெரியவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம். பெரியவர்கள் என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

போன மாதம் என் அண்ணன் பேத்திக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றி, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பிள்ளையின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "கல்யாணத்துக்குள்ள பொண்ணு முகத்துக்கு ஏதாவது பண்ணிக்கச் சொல்லுங்களேன். போட்டோவுல தெரியும்." கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. எங்கள் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் பரு வந்தது. இரண்டு கன்னத்திலும் சீழ் கோத்து, தலையணை உறையில் கறை படும். அவள் அம்மா டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நாங்கள் விட்டோமா? "வயசுக் கோளாறு. கல்யாணம் ஆனா தானா போயிடும்." "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை." ஜாதிக்காயை இழைத்துப் போடச் சொன்னது நான். எலுமிச்சம்பழச் சாறு தடவச் சொன்னது அவளுடைய பாட்டி. அது எரிந்து தோல் கறுத்தது. பரு போனது உண்மை. போகும்போது குழிகளை விட்டுவிட்டுப் போனது.

இப்போது அதே நாங்கள், "உடனே ஏதாவது பண்ணு" என்கிறோம்.

விளம்பரம் பார்த்து ஒரு கிளினிக்குக்கு அவளை அழைத்துப் போனேன். ஏ.சி., மீன் தொட்டி, சுவரெல்லாம் "முன் – பின்" படங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், "ஆறு சிட்டிங், 45,000 ரூபாய், இ.எம்.ஐ. உண்டு, நூறு சதவீதம் போயிடும் சார்" என்றார். டாக்டர் எங்கே என்று கேட்டேன். "வியாழக்கிழமைதான் வருவார். இன்னைக்கே புக் பண்ணினா டிஸ்கவுண்ட்" என்றார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். பார்ட்டியை யோசிக்கவிடாமல் கையெழுத்து வாங்க அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாசம் தெரியும். எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு தோல் நோய்க்கென்றே எம்.டி. படித்த ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கறை வேறு, குழி வேறு. பரு ஆறிய இடத்தில் இருக்கும் பழுப்புக் கறை, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். குழி அப்படி இல்லை. தோலுக்கு அடியில் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற நார் அழிந்துபோனதால் விழுந்தது. எந்தக் களிம்பும் அதை முழுசாக நிரப்பாது.

குழியிலும் வகை உண்டு. ஊசியால் குத்தியது போல ஆழமாக, குறுகலாக இருந்தால் அதற்குள் மட்டும் ஒரு துளி வீரியமான அமிலம் வைப்பார்கள். மேடுபள்ளமாக அலை மாதிரி இருந்தால், கீழே பிடித்து இழுக்கும் நாரை ஊசியால் அறுத்து விடுவார்கள். விளிம்பு தெரிகிற அகலக் குழிக்கு நுண்ணூசி அல்லது லேசர். பலருக்கு இவை கலந்தே இருக்கும். எல்லார் முகத்துக்கும் ஒரே பேக்கேஜ் என்பது, எல்லார் காலுக்கும் ஒரே அளவுச் செருப்பு விற்பது போல.

ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். புது நார் வளரப் பல மாதம் ஆகும். குழிகள் குறையும், சுத்தமாக மறையாது. புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் அந்த இடமே கறுத்துவிடும். அதுவும் மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது யாராவது இதில் கை வைப்பார்களா?

இன்னொன்றும் சொன்னார். கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையைச் சாப்பிடும்போது பெண் கர்ப்பமாகவே கூடாது, குழந்தைக்குப் பெரிய கேடு. கல்யாணம் நிச்சயமான பெண்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் "முகம் வெளுக்க" என்று கேட்டு வாங்கும் டியூப் இருக்கிறதே, அதைப் பற்றியும் கேட்டேன். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-லேயே அரசாங்கம் இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. முதல் வாரம் முகம் பளபளக்கும். போகப் போகத் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும். அந்தக் களிம்பாலேயே பரு வரும். நிறுத்தினால் எரியும். பேத்திக்கு அந்த டியூபை வாங்கிக் கொடுக்கும் தாத்தாக்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

வீட்டில் பதினாலு, பதினைந்து வயதில் பிள்ளைக்குச் சீழ்ப் பரு வந்தால் கேலி பேசாதீர்கள், கிள்ள விடாதீர்கள், காத்திருக்கவும் வேண்டாம். காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அப்போது எழுதித் தரும் ஒரு சின்ன டியூப், பிறகு வரும் 45,000 ரூபாயை மிச்சப்படுத்தும்.

டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: "சின்னத் தாத்தா, அவர் கன்னத்துலயும் குழி இருக்கே, கவனிச்சீங்களா?"

கவனித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் இருக்கிறது. அவரை யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை.

"செஞ்சுக்கணும்னு எனக்குத் தோணினா, கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமா செஞ்சுக்கறேன்" என்றாள். அன்று ராத்திரியே சம்பந்தி அம்மாவுக்கு போன் போட்டு அதை அப்படியே சொன்னேன். நிச்சயதார்த்தத்தன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.