தொடக்கப் பள்ளியில் கலைக்கு வாரம் இரண்டு பாடவேளை, ஓர் ஆசிரியர்: அரக்கோணம் வட்டார அரசுப் பள்ளிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

அரக்கோணம் வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வாரத்தில் இரண்டு பாடவேளைகளைக் கலைக்கென ஒதுக்க வேண்டும். அவற்றை நடத்தப் பயிற்சி பெற்ற கலை ஆசிரியர் ஒருவர் வர வேண்டும். அவருக்கான ஊதியத்தை அரசே தர வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. பாட்டு, ஓவியம், கூத்து, ஆட்டம், கைவேலை ஆகிய அனைத்தையும் சேர்த்தே கலை என்கிறோம். தமிழும் கணக்கும் முடிந்தபின் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவற்றை ஒதுக்கி வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாலையில் பாட்டு வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் போகிறார்கள். ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கும் நெசவாளியின் மகனுக்கும் அந்த வாசல் பள்ளிக்கூடத்தில் திறந்தால்தான் உண்டு.

அரசு இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. முதலில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு இருந்த போட்டிகள், 2024-25 முதல் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தன. கதை சொல்லுதல், மாறுவேடம், வண்ணம் தீட்டுதல் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மேடை ஏறுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் திறமையை ஊர் அறியச் செய்த இந்த முயற்சியை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் போட்டி என்பது கற்றதைக் காட்டும் நாள். கற்றுக்கொடுக்கும் நாள்கள் கால அட்டவணையில் இல்லாதபோது, மேடையில் வெல்வது பெரும்பாலும் வெளியே காசு கொடுத்துக் கற்ற பிள்ளையாகவோ, வீட்டில் சொல்லித்தர ஆள் உள்ள பிள்ளையாகவோ இருக்கும். மீதிப் பேர் கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். எல்லாருக்கும் பொதுவான பள்ளியில் இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்கக் கூடாது.

குறையின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் முழுமையான வளர்ச்சியே பாடத்திட்டத்தின் நோக்கம் என்று 29ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் ஆசிரியர் எண்ணிக்கையை வகுக்கும் அதன் அட்டவணை, கலைக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மட்டும், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும் தருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை அப்படி ஒருவர் தேவையென்றே அது கருதவில்லை. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றுக்கு நியமிக்கப்பட்டபோதும் இந்த விதியை ஒட்டியே நியமிக்கப்பட்டார்கள். தொடக்கப் பள்ளியின் நிலைமையோ வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள் என்பது சட்டம் வகுத்த அளவு. ஐந்து வகுப்புகளை இருவர் சமாளிக்கும் இடத்தில் முதலில் விடுபடுவது பாட்டும் படமும்தான். அதற்கு அந்த ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

கலைப் பாடவேளையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் 10,548 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க் கலைஞர்களும் கலை நிறுவனங்களும் வரும் பள்ளிகள் எவை என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, கலை வாய்ப்புக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. பிறர் துன்பத்தை உணரும் தன்மையும் கூடியது. வாசிப்பிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 2013இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஓவியம் கற்றால் கணக்கு வந்துவிடும் என்பது போன்ற பெரிய வாக்குறுதிகளுக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று அது நேர்மையாகச் சொன்னது. வகுப்பறையில் கதையை நடித்துப் பார்க்கும் பிள்ளைகளின் மொழித்திறன் வளர்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. நாங்கள் கேட்பதும் இந்த அளவுக்கு உட்பட்டதுதான். கலை எல்லாப் பாடத்துக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. அது தன்னளவிலேயே ஒரு கல்வி என்கிறோம்.

இந்தக் கல்விக்கு வேண்டிய செல்வம் எங்கள் வட்டாரத்திலேயே கிடக்கிறது. வட தமிழகம் தெருக்கூத்தின் தாய்மண். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து பாடி வந்து, கட்டியக்காரன் கேட்கக் கேட்கத் தன் பேர், நாடு, குலம், வந்த காரியம் எல்லாம் சொல்லித்தான் கதைக்குள் நுழைவார். மூன்றாம் வகுப்பில் ஒரு பழைய வேட்டியைத் திரையாகப் பிடித்து, பாடநூலில் வரும் நரியையும் காக்கையையும் இதேபோல் வரவழைத்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளை கேட்க, இன்னொரு பிள்ளை பதில் சொல்ல, கேள்வி கேட்பதும் முழு வாக்கியத்தில் விடை சொல்வதும் தானாக வரும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் இந்த ஆந்திர எல்லைப் பகுதியில் உண்டு. தமிழில் வாய் திறக்கத் தயங்கும் அந்தப் பிள்ளைக்கு வேடமும் தாளமும் துணை நிற்கும். கோலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கு வரை என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரிசை அமையும். மொத்தம் 37 புள்ளி. கூட்டலும் சமச்சீரும் ஒரே தரையில் தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலத்தைக் கணித ஆய்வுக்கே பொருளாக்கினார். பக்கத்துத் திருத்தணி மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது இசையுலகின் வழக்கு. அது அமைந்த மாயாமாளவகௌளையில்தான் இன்றும் சரளி வரிசை தொடங்குகிறது. இத்தனைக்கும் அருகில் வளரும் பிள்ளை இவற்றில் ஒன்றையும் பள்ளியில் தொடாமலே ஐந்தாம் வகுப்பை முடித்துப் போவது பெரிய இழப்பு.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு முதலில் வாசிப்பு, பிறகுதான் மற்றதெல்லாம் என்பார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பின் வாசிப்புத் திறன் வீழ்ந்தது உண்மை. அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வீழ்ச்சியைச் சரிசெய்ய 2022இல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமே பாடலையும் பொம்மலாட்டத்தையும் கதையையும் கருவியாகக் கொண்டதுதான். வாசிப்புக்கும் கலைக்கும் பகையில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்படியானால் பாடத்தோடு கலையை இணைத்தால் போதாதா, தனிப் பாடவேளை எதற்கு என்று கேட்கலாம். பாடத்துக்குத் துணையாக வரும் பாட்டு பாடத்தோடு முடிந்துவிடும். சுருதி சேர்ந்து பாடவும், கோடு நடுங்காமல் வரையவும், அடவு தவறாமல் ஆடவும் வாரந்தோறும் பழக்க ஒருவர் வேண்டும்.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஒரு கலை ஆசிரியர், அருகருகே உள்ள பள்ளிகளை ஒருங்கிணைக்கும் குறுவள மையம் ஒன்றுக்கு உட்பட்ட ஐந்து பள்ளிகளுக்கு, நாளுக்கு ஒன்றாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். பள்ளிக்கு 50 பிள்ளைகள் என்றால் 250 பேர். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 960 ரூபாய் ஆகிறது. காலை உணவையும் மதிய உணவையும் பொறுப்பாக ஏற்று நடத்தும் மாநிலத்துக்கு இது தாங்க முடியாத சுமை அல்ல. ஆளுக்கும் பஞ்சமில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பயின்றவர்களும், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். திருவிழாக் காலம் போக மீதி மாதங்களில் கூலி வேலைக்குப் போகும் கூத்துக் கலைஞருக்கு இது மதிப்பான வாழ்வாதாரமாகும்.

கூத்தும் பறையும் கோலமும் சாதியோடும் சமயத்தோடும் பிணைந்தவை, அரசுப் பள்ளியில் அவை தேவையா என்ற தயக்கத்தையும் நாங்கள் அறிவோம். பறை அடிப்பது இன்னாருடைய வேலை என்று ஊர் ஒதுக்கி வைத்த வரலாறு கசப்பானது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நின்று பறையைக் கையில் எடுக்கும் இடம் பொதுப்பள்ளியாகத்தான் இருக்க முடியும். சடங்கை விட்டுவிட்டுக் கலையைக் கற்பிக்க முடியும். எந்தப் பிள்ளையும் தன் நம்பிக்கைக்கு மாறானதைச் செய்யக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறை அரக்கோணம் வட்டாரத்தின் குறுவள மையங்களில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று கோருகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்ச அளவைச் சொல்கிறதே ஒழிய, அதற்கு மேல் செய்யக் கூடாது என்று எங்கும் தடுக்கவில்லை. பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கலை ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள்.