42 வயதில் பிடித்த ஊசி



பல வருடங்கள் பால் வெட்டிய அண்ணன் ஒருவர். தோட்டம் கைமாறியது, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். இப்போது பட்டணத்தில் மகனோடு இருக்கிறார். கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கட்டும் பைண்டிங் வேலையைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்களாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழி வேறு சொல்கிறார்களாம். இந்த வயதில் முடியுமா என்பது அவருடைய கேள்வி.

அண்ணனுக்கு ஒரு கதை சொல்கிறேன். இது நடந்த கதை. நீங்களும் கேளுங்கள்.

லண்டனில் காப்டன் சாண்டர்சன் என்று ஒருவர் இருந்தார். 1840-ல் பிறந்தவர். நன்கு படித்து 1871-ல் வழக்கறிஞரானார். இரயில்வே கம்பெனி ஒன்றின் சட்டக் காகிதங்களோடு மல்லாடி உடம்பும் மனமும் நொந்து போனார். ஓய்வுக்காக இத்தாலிக்குப் போனார். அங்கேதான் ஆனி என்ற பெண்ணைச் சந்தித்தார். 1882-ல் திருமணம் நடந்தது.

அடுத்த வருடம், 1883 ஜூன் மாதம், வில்லியம் மாரிஸ் என்ற கலைஞர் வீட்டில் விருந்து. பேச்சுவாக்கில், கையால் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது என்றார் நம்ம வக்கீல். மாரிஸின் மனைவி ஜேன், அப்படியானால் புத்தகம் கட்டக் கற்றுக்கொள்ளலாமே என்றார். அவ்வளவுதான்! சில நாட்களிலேயே ரோஜர் டி கவர்லி என்ற பைண்டரிடம் போய் வேலை பழக ஆரம்பித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 42.

யோசித்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் கவுன் போட்டு நின்றவர், பசை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். ஊர் சிரித்திருக்காதா? ஆனால் 1884-ல் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டார். மனைவி ஆனியும் உடன் உட்கார்ந்து புத்தகம் தைத்தார். 1893-ல் 'டவ்ஸ் பைண்டரி' என்ற பட்டறையை நிறுவினார். 1922-ல் அவர் மறைந்தார். அவர் கட்டிய புத்தகங்களை இன்றும் பெரிய நூலகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்குக் கைகொடுக்க மனைவியின் பணம் இருந்தது. நமக்கு அந்த வசதி ஏது? மாதம் பிறந்தால் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு. ஆகவே கையிலுள்ள வேலையை உதறிவிட்டு இதில் குதியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேலையும் இருக்கட்டும், மாலையில் ஒரு மணி நேரம் இதற்கும் இருக்கட்டும்.

தொழிலின் சூட்சுமம் என்ன? கடையில் வாங்கும் மலிவான புத்தகங்களில் தாள்களை வெறும் பசையால் ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்து வெடித்ததும் தாள் தாளாகக் கழன்று விழும். கையால் கட்டும்போது தாள்களை மடித்து, அந்த மடிப்பின் வழியே நூலை ஓட்டித் தைக்கிறோம். அதனால்தான் அது தலைமுறை தாண்டி நிற்கிறது.

முதலில் ஒரு வெற்று நோட்டைக் கட்டிப் பழகுங்கள். 4 தாள்களை ஒன்றாக அடுக்கி இரண்டாக மடித்தால் 16 பக்கம். அது ஒரு மடிப்பு. இப்படி 6 மடிப்புகள் செய்யுங்கள். எல்லா மடிப்பிலும் ஒரே இடத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் ஒன்றோடொன்று சேர்த்துத் தையுங்கள். முதுகில் பசை தடவி மெல்லிய துணி ஒட்டி, பாரம் வைத்துக் காயவிடுங்கள். பிறகு அட்டையும் மேல்துணியும்.

தாளுக்கும் மரத்தைப் போல ஓட்டம் உண்டு. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவு புத்தகத்தின் முதுகோடு ஒத்துப் போக வேண்டும். மாறிப் போனால் அட்டை கோணிக்கொள்ளும். மைதா மாவில் காய்ச்சிய பசையே போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சிறிது கலப்பார்கள், அது விஷம். கலந்தால் குழந்தைகள் கையில் எட்டாமல் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நன்றாகக் காயாமல் புத்தகத்தை அலமாரியில் அடுக்காதீர்கள்.

தோல் அட்டை போடும்போது ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் ஓட்டையாகிவிடும். பழகாதவர் கை நடுங்கும். அண்ணனுக்கு நடுங்குமா? இருட்டு விலகாத காலையில், மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுத்த கை அல்லவா அது! மரம் போய்விட்டது. கையின் பக்குவம் போகவில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் ஆசையைக் கேட்டு நீங்கள் சிரித்தது விளையாட்டுக்குத்தான். ஆனால் வேலையை இழந்தவருக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைக்கும். பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா வைத்திருந்த பாட்டுப் புத்தகமோ, லயத்து வீட்டுப் படங்கள் ஒட்டிய ஆல்பமோ, முதுகு கிழிந்து கிடக்கும். நோட்டுகள் கட்டி அவர் கை பழகியதும், அதை எடுத்துக் கொடுங்கள். அதுவே அவருக்குக் கிடைக்கும் முதல் வேலையாக இருக்கட்டும். பிறகு கோவில் கணக்குப் புத்தகம், பள்ளி நூலகம் என்று ஒவ்வொன்றாக வரட்டும்.

ஐம்பதில் வளையுமா என்று கேட்டீர்களே, அண்ணே! ஊசியைக் கையில் எடுங்கள். முதல் நோட்டு கோணலாகத்தான் வரும். பத்தாவது நோட்டை எனக்குக் காட்டுங்கள்.